'என்விசேஜ்' என்ற வினைக்கு ஒரு சொல்: 'முன்கருது' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 'என்விசேஜ்' (envisage) என்ற ஆங்கில வினை, நடக்கக்கூடிய ஒன்று என்று எண்ணத்தில் இடம் கொடுப்பதைக் குறிக்கும். அதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற நம் பேச்சில் இதுவரை எதிர்பார், கற்பனை செய், முன்காண், உத்தேசி, கருது என ஐந்து சொற்கள் இங்கே வந்திருக்கின்றன. ஐந்தையும் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஓர் ஒப்பந்தத்தின் ஒரே வாக்கியத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீளமாகிவிட்டது.

இரு தரப்பும் ஒரே நேரத்தில் விலகும் நிலையை இந்த ஒப்பந்தம் 'என்விசேஜ்' செய்யவில்லை என்பதுதான் அந்த வாக்கியம். நான் முதலில் எழுதியது இப்படி: "இரு தரப்பும் ஒரே நேரத்தில் விலகுவதை இந்த ஒப்பந்தம் எதிர்பார்க்கவில்லை." பக்கத்தில் இருந்த சக மொழிபெயர்ப்பாளரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்போ ரெண்டு பேரும் விலகிட்டாங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. "நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை" என்று ஒருவரிடம் சொன்னால், அவர் வந்து எதிரில் நிற்கிறார் என்றுதான் பொருள். எதிர்மறையில் வரும்போது 'எதிர்பார்' நடந்து முடிந்த ஒன்றைக் காட்டிவிடுகிறது. ஒப்பந்தம் எழுதியவர்கள் சொல்ல வந்தது அதுவல்ல. அப்படி ஒரு நிலை வரக்கூடும் என்பதே அவர்கள் எண்ணத்தில் இல்லை, ஆகவே அதற்கு விதி எதுவும் வைக்கவில்லை. அவ்வளவுதான்.

'கற்பனை செய்' இதைவிடச் சிக்கல். "இத்திட்டம் மூன்று கட்டங்களைக் கற்பனை செய்கிறது" என்பதுபோன்ற வாக்கியங்கள் இயந்திர மொழிபெயர்ப்பில் வருகின்றன. படிப்பவருக்குத் திட்டமே பொய் என்று தோன்றும். தமிழில் கற்பனை என்ற சொல்லின் ஒரு கால் எப்போதும் இல்லாததன் மேல்தான் நிற்கிறது. "எல்லாம் உன் கற்பனை" என்று நாம் சொல்வது பாராட்டு அல்ல. கதை எழுதுகிறவருக்கு அது பெருமை, ஆவணம் எழுதுகிறவருக்கு அவப்பெயர்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த இந்த வினைக்குள் 'முகம்' என்ற பொருளுள்ள 'விசாஜ்' இருக்கிறது. அதற்கும் பின்னால் போனால் பார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேர். ஆக, தொடக்கத்தில் அது ஒன்றை முகத்துக்கு நேராகப் பார்ப்பது. கவிஞர் கீட்ஸ் 1820-இல் வெளியிட்ட 'ஹைபீரியன்' கவிதையில் இந்தச் சொல் அந்தப் பழைய பொருளில்தான் வருகிறது. மறைப்பில்லாத உண்மைகளைத் தாங்கிக்கொண்டு, வந்த நிலைமையைக் கலங்காமல் நேருக்கு நேர் பார்ப்பதே ஆளுமையின் உச்சம் என்று அங்கே ஒரு தெய்வம் பேசுகிறது. இலங்கைத் தமிழில் 'முகங்கொடுத்தல்' என்கிறார்களே, சிக்கலுக்கு முகங்கொடுத்தோம் என்று, ஏறக்குறைய அதே பொருள், அதே உருவகம். இரண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் ஆங்கிலம் பின்னால் அந்தப் பொருளை விட்டுவிட்டு, இன்னும் வராத ஒன்றை மனத்தின் முன் நிறுத்திப் பார்ப்பது என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டது. 'முகங்கொடு' நகரவில்லை, அது வந்துவிட்ட ஒன்றை எதிர்கொள்வதாகவே நிற்கிறது. அதனால் பிறப்பு ஒத்துப்போனாலும் அதை நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

இன்றைய பொருளில் உயிர்நாடி எது என்று கேட்டால், 'கூடும்' என்பதுதான் என் பதில். நடக்கும் என்ற உறுதி இதில் இல்லை. நடக்க வேண்டும் என்ற ஆசை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நடக்கக்கூடிய ஒன்று என்று எண்ணத்தில் இடம் கொடுப்பது மட்டும் கட்டாயம். பக்கத்துச் சொற்களோடு வைத்தால் இது தெளிவாகும். 'ஃபோர்சீ' என்பது வரப்போவதை முன்கூட்டியே அறிவது. "அறிவுடையார் ஆவ தறிவார்" என்று வள்ளுவர் 427-ஆம் குறளில் சொல்வது அந்த அறிதலை. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. 'என்விஷன்' நமது வினைக்குத் தங்கைபோல, வயதிலும் இளையது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதற்குத்தான் செல்வாக்கு, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'என்விசேஜ்'. 'என்விஷன்' பெரும்பாலும் விரும்பும் எதிர்காலத்தைப் பற்றியது. அதற்குத் தமிழில் 'கனவு காண்' பல இடங்களில் இயல்பாகவே பொருந்துகிறது, புதுச்சொல் வேண்டியதில்லை.

பயன்பாட்டில் ஒரு சிறு குறிப்பும் சொல்லிவிடுகிறேன், ஆங்கிலத்திலும் எழுதுகிறவர்களுக்கு உதவும். இந்த வினைக்குப் பின் 'டு' சேர்த்த வினை வராது. பெயர்ச்சொல் வரலாம், 'இங்' ஈற்று வடிவம் வரலாம், 'தட்' தொடங்கும் தொடர் வரலாம். 'பிளான்' என்ற வினையைப் போலவே இதையும் நினைத்துக்கொண்டு 'டு' போட்டு எழுதுவது அடிக்கடி கண்ணில் படுகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ஒரு மனிதர் ஒன்றை 'என்விசேஜ்' செய்கிறார் என்றால் நமக்குப் புதிய சொல்லே தேவையில்லை என்று நினைக்கிறேன். 'எண்ணிப்பார்', 'நினைத்துப்பார்' இரண்டும் இருக்கின்றன. "அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை" என்ற வாக்கியத்தை எந்த ஆங்கிலச் சொல்லும் மிஞ்சப்போவதில்லை. இதில் 'பார்' செய்யும் வேலையைக் கவனியுங்கள். 'செய்து பார்', 'சுவைத்துப் பார்' என்னும்போது அது முயன்று பார்ப்பது. 'எண்ணிப்பார்' என்னும்போதும் அப்படித்தான், ஓர் எண்ணத்தை எடுத்து அது நிற்கிறதா என்று சோதிக்கிறோம். அதோடு கண்ணால் காணும் பொருளின் சாயலும் போகவில்லை. முயற்சியும் காட்சியும் ஒரே துணைவினையில் அடங்கிவிட்டன. 'மனக்கண்ணில் காண்' என்று நீட்ட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

இடறுவது எழுவாய் மாறும்போதுதான். சட்டமும் திட்டமும் ஒப்பந்தமும் எதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இந்த வினை மிகுதியாக வருவதே அவற்றோடுதான். அப்புறம் பெயரெச்சம் வேண்டும், பெயர்ச்சொல் வேண்டும், எதிர்மறை வேண்டும். 'எண்ணிப்பார்க்கப்பட்டிராத நிலைமை' என்று யாரும் எழுதப்போவதில்லை, எழுதவும் கூடாது.

இங்கே 'கருது' போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் சட்டத் தமிழில் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலச் சட்ட நடையில் வரும் 'டீம்' (deem) என்ற சொல்லுக்குக் 'கருதப்படும்' என்று எழுதுவது நிலைத்துவிட்டது. "அறிவிப்பு கிடைத்ததாகக் கருதப்படும்" என்றால், கிடைக்காவிட்டாலும் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நடக்கக்கூடியதை எண்ணத்தில் வைப்பது ஒன்று, நடந்ததாகவே வைத்துக்கொள்வது வேறொன்று. ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வினை வந்தால் வழக்கு வரும்.

'உத்தேசி'யில் நோக்கம் ஏறிவிடுகிறது. விபத்துக்கான விதிகளை வகுக்கும் திட்டம் விபத்தை உத்தேசிக்கவில்லை அல்லவா? 'முன்காண்' பார்க்க அழகான சொல். பெயரெச்சமாக்கினால் 'முன்கண்ட'. "முன்கண்ட நிபந்தனைகள்" என்று எழுதிவிட்டு, அது 'மேலே சொன்ன நிபந்தனைகள்' என்று படிக்கப்படாது என்று யாராவது உறுதி தர முடியுமா? 'மேற்கண்ட' நம் ஆவணங்களில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

பழைய சொல் ஒன்று என்னைப் பல நாள் பிடித்து வைத்திருந்தது: 'முன்னு'. கருதுதல் என்று பொருள். திருமுருகாற்றுப்படையில் "இன்னே பெறுதிநீ முன்னிய வினையே" என்று வருகிறது. நீ எண்ணி வந்த செயல் இப்போதே கைகூடும் என்கிறார் புலவர். எண்ணம் இருக்கிறது, இன்னும் நடக்கவில்லை, நடக்கக்கூடியது. நாம் தேடுவது இதுவேதான் என்று துள்ளினேன். 'சட்டம் முன்னிய சூழல்', 'திட்டம் முன்னாத செலவு' என்று எழுதிப் பார்த்தேன். எவ்வளவு சுருக்கம்! ஆனால் நான் எழுதிய வரைவு பிழைதிருத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, 'முன்னிய' இருந்த மூன்று இடங்களிலும் 'முன்னைய' என்று திருத்தியிருந்தது. திருத்தியவரைக் குறைசொல்ல மாட்டேன். ஓர் எழுத்து தள்ளி எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது கண் அங்கேதான் போகும். நிகழ்காலத்தில் 'முன்னுகிறது' என்றாலோ, எதை நோக்கி முன்னுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. மனமில்லாமல்தான் விட்டேன்.

முழுதாக விடவும் இல்லை. 'முன்னு' என்பதற்குள் இன்றைய காது கேட்கும் 'முன்' என்பதையும், அகராதி அதற்குத் தரும் 'கருது' என்ற பொருளையும் சேர்த்தால் 'முன்கருது' கிடைக்கிறது. என் முன்மொழிவு இதுதான். 'முன்' இருப்பதால் 'டீம்' என்பதற்கான 'கருது'விலிருந்து விலகி நிற்கிறது. கருது எப்படியெல்லாம் திரியுமோ அப்படியெல்லாம் இதுவும் திரியும், யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

"இரு தரப்பும் ஒரே நேரத்தில் விலகும் நிலையை இந்த ஒப்பந்தம் முன்கருதவில்லை."
"திட்டம் முன்கருதும் மூன்று கட்டங்கள்."
"சட்டம் முன்கருதாத சூழல் எழுந்தால்..."

முதல் வாக்கியத்தை அதே நண்பரிடம் மறுபடி காட்டினேன். இந்த முறை, "அப்போ அதுக்கு விதி இல்லை, அப்படித்தானே?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நாள் தேடினேன்.

குறை இல்லாமல் இல்லை. 'முன்கண்ட' மீது நான் வைத்த குற்றச்சாட்டை 'முன்கருதிய' மீதும் வைக்கலாம், 'முன்பு நினைத்திருந்த' என்று படித்துவிடுவார்களே என்று. 'முன்கண்ட' அளவுக்கு 'முன்கருதிய' வழக்கில் ஊறாததால் அந்தக் குழப்பம் குறைவு என்பதே என் மறுமொழி. அந்தப் பொருளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'முன்பு கருதிய' என்கிறார்கள். ஆனால் சேர்த்து எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். 'முன் கருதிய' என்று இடம்விட்டால் போச்சு. பெயர்ச்சொல்லுக்கு 'முன்கருதல்' போதும். 'முன்கருத்து' வேண்டாம், அது ஒருவரைப் பற்றி முன்பே மனத்தில் கட்டிவைத்த அபிப்பிராயம்போல ஒலிக்கிறது.

மருத்துவம், கட்டடம், மென்பொருள் ஆவணங்களை மொழிபெயர்க்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்த வினை வரும் வாக்கியம் உங்கள் கையில் இருந்தால், அதில் 'முன்கருது' வைத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அந்த வாக்கியத்தை முழுதாக அனுப்புங்கள். செயப்பாட்டுவினையில் 'முன்கருதப்படுகிறது' எப்படி நிற்கிறது என்பதில் எனக்கே இன்னும் தயக்கம் இருக்கிறது, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்.