1 லட்சம் கூடுதலாகக் கட்டியும் வீட்டுக் கடன் மாதங்கள் குறையவில்லை, என்ன செய்ய?

பாளை அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். வி.எம். சத்திரம் பக்கம் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் 25 லட்சம் வாங்கி வீடு கட்டினோம். 20 வருடம், மாறும் வட்டி 8.5 சதவீதம், மாதத் தவணை 21,696 ரூபாய். எனக்குக் கைக்கு வருவது 46,000. மூத்தவளுக்கு நாலு வயது, இளையவனுக்கு எட்டு மாதம். மனைவி தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள், இளையவன் பிறந்ததும் நின்றுவிட்டாள்.

போன மாதம் சீட்டு முடிந்து 3 லட்சம் கைக்கு வந்தது. அதே வாரம் கடன் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். 36 மாதத்தில் ஏறத்தாழ 7,81,000 கட்டியிருக்கிறேன், அசலில் குறைந்தது 1,63,000 தான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே போய் 1 லட்சத்தை அசலுக்கு என்று சொல்லிக் கட்டிவிட்டு வந்தேன்.

இப்போது புதுத் தாள் வந்திருக்கிறது. மீதி மாதம் 204 என்று அப்படியே நிற்கிறது. தவணை மட்டும் 20,767 ஆகியிருக்கிறது. நான் கேட்டது இது இல்லையே. இதை மாற்ற முடியுமா? அப்புறம் மீதி 2 லட்சத்தையும் கடனிலேயே போட்டுவிடலாமா? ஜூன் மாதம் மூத்தவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், கொஞ்சம் கையில் வைப்போம் என்கிறாள் மனைவி. இதில் எனக்கும் அவளுக்கும் நாலு நாளாகப் பேச்சு சரியில்லை.

அம்பை பெரியவர் (வங்கியில் ஓய்வு பெற்றவன்):

தம்பி, பணம் எங்கேயும் போகவில்லை, அசலில்தான் சேர்ந்திருக்கிறது. அசலில் ஒரு தொகை கட்டும்போது இரண்டு வழி உண்டு. தவணையை அப்படியே வைத்து மாதங்களைக் குறைக்கலாம், மாதங்களை அப்படியே வைத்துத் தவணையைக் குறைக்கலாம். நீங்கள் வாயால் சொன்னீர்கள், அங்கே இரண்டாவது வழியில் பதிந்துவிட்டார்கள்.

வித்தியாசம் சின்னது இல்லை. நீங்கள் கட்டிய அதே 1 லட்சத்துக்கு, தவணை 21,696 ஆகவே இருந்தால் 204 மாதம் 186 ஆகும். கடைசி வரைக்கும் கணக்குப் போட்டால் வட்டியில் 2,97,000 போல மிச்சம். அவர்கள் செய்திருப்பதுபோல் தவணை குறைந்தால் மிச்சம் 89,000 தான்.

கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். கடன் எண், கட்டிய தேதி, ரசீது எண் போட்டு, “தவணைத் தொகையை மாற்றாமல் தவணைக் காலத்தைக் குறைத்துத் தரவும், திருத்திய தவணை அட்டவணை தரவும்” என்று எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் பிடிக்கக் கூடாது. அப்படி ஏதாவது தொகை கேட்டால் எந்த விதியில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வேறு கடன் ஏதும் இருக்கிறதா? நகைக்கடன், கைமாற்று, எதுவானாலும்?

மேலப்பாளையம் அம்மா:

தம்பி, உங்க மனைவி சொல்வதைக் கேளுங்கள். நாங்கள் இதைப் பட்டு அறிந்தவர்கள். வீட்டுக்காரர் சவுதியில் இருந்து கொண்டுவந்த பணம் மொத்தத்தையும் ஒரே நாளில் கடனில் கட்டினார். கையில் 8,000 ரூபாய் மிச்சம். ரெண்டு மாதத்தில் சின்னவனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஆறு நாள், ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே என் வளையலைக் கழற்றிக் கொடுத்தனுப்பினேன். கடனில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் தர மாட்டார்கள். அந்த வளையலை மீட்க பதினாலு மாதம் ஆயிற்று. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கையில் பணம் இல்லாமல் இருக்கவே கூடாது.

கல்லிடை ஆசிரியை:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். தவணை குறைந்ததை அப்படியே விட்டால்தான் என்ன? 929 ரூபாய் மாதம் மிச்சமாகிறது. நல்ல மாதங்களில் அந்தத் தொகையைச் சேர்த்துவைத்து அசலில் கட்டுங்கள், முடியாத மாதத்தில் விட்டுவிடுங்கள். பழைய தவணை அளவுக்கே விடாமல் கட்டிவந்தால் மாதங்களும் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஒரு சம்பளத்தில் நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அந்தத் தளர்வு நல்லது.

அம்பை பெரியவர்:

டீச்சர் சொல்வது கணக்கில் சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 35 வருடம் கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவன் நான். குறைந்த 929 ரூபாயைத் தனியே எடுத்துவைத்தவர்கள் மிகக் கொஞ்சம். பண்டிகையிலும் பெட்ரோலிலும் கரைந்துவிடும். சில நிறுவனங்கள் சின்னத் தொகையை அசலில் வாங்கவும் மாட்டார்கள், குறைந்தபட்சம் இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாளை அப்பா:

அண்ணாச்சி, கடன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இளையவன் பிறந்தபோது ஆபரேஷன் செலவுக்குத் தெரிந்த ஒருவரிடம் 60,000 வாங்கினேன். இரண்டு வட்டி. மாதம் 1,200 கொடுத்துவிடுகிறேன், அவர் அசலைக் கேட்பதே இல்லை. நல்ல மனிதர்.

அம்பை பெரியவர்:

தம்பி, அதுதான் உங்கள் வீட்டில் இருக்கிற பெரிய கடன்.

நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். நீங்கள் அசலில் கட்டிய 1 லட்சம் இந்த மாதம் மிச்சப்படுத்திய வட்டி 708 ரூபாய். அந்த 60,000 இதே மாதம் 1,200 ரூபாயைத் தின்கிறது. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அசலைக் கேட்காததால்தான் அது உங்கள் கண்ணில் படவில்லை. நாளைக்கே 60,000-ஐயும் கொடுத்து, புரோநோட்டு எழுதியிருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.

மீதி 1,40,000. உங்கள் மூன்று மாதச் சம்பளம். அதைத் தொடவே வேண்டாம். மனைவி பெயரும் சேர்ந்த கணக்கில் போடுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு அதில் கொஞ்சம் எடுத்தாலும் திரும்ப நிரப்புங்கள்.

இனி மாதம் 1,200 மிச்சம் ஆகிறது அல்லவா? கொடுத்துப் பழகிய பணம், வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டியதில்லை. அதைத் தவணையோடு சேர்த்து 22,896 ஆகக் கட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 186 மாதம் 167 ஆகும்.

இன்னொன்று. வட்டி இன்னும் 8.5-லேயே நிற்கிறதா? ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பருக்குள் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 6.5-லிருந்து 5.25-க்கு இறக்கியது. வங்கியில் ரெப்போவோடு இணைத்த கடன் என்றால் தானாக இறங்கும். வீட்டுக்கடன் நிறுவனங்கள் தங்கள் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்வதால் கேட்டால்தான் பலருக்குக் கிடைக்கிறது. அரை சதவீதம் குறைந்தாலே உங்களுக்கு மாதம் 930 ரூபாய் வட்டி குறையும். வட்டியை மாற்றித் தரக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.

சேரன்மகாதேவி மகன்:

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டெர்ம் இன்சூரன்ஸ், அதாவது நமக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு, இருக்கிறதா தம்பி? கடன் அளவுக்காவது எடுங்கள். எங்க அப்பா தவறியபோது தவணை அம்மாவின் தலையில் விழுந்தது.

கடனை முடிக்கிற காலத்துக்கும் ஒரு வார்த்தை. அசல் பத்திரங்களை முழுதும் கட்டிய 30 நாளுக்குள் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆனால் பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில், கடன் முடிந்தது என்பதற்கான ரசீது ஆவணம் பதிய வேண்டும். நாங்கள் அதை விட்டுவிட்டோம். தங்கை கல்யாணத்துக்கு இடத்தை விற்கப் போனபோது வில்லங்கச் சான்றில் முடிந்த கடன் அப்படியே நிற்கிறது. வாங்க வந்தவர் தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மேலப்பாளையம் அம்மா:

மூத்தவளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு (பெண் குழந்தைகளுக்கான அரசுத் திட்டம்) தொடங்கியாச்சா? தபால் ஆபீசில் 250 ரூபாய் இருந்தால் போதும். வட்டி 8.2 சதவீதம், உங்க கடன் வட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, வரியும் இல்லை. பெரிய தொகை வேண்டாம், இப்போதைக்குக் கணக்கு மட்டும் இருக்கட்டும். நடுவில் எடுக்க முடியாத பணம் என்பதை மனதில் வைத்துப் போடுங்கள்.

பாளை அப்பா (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

60,000-ஐ அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளேன் என்றார். புரோநோட்டை வாங்கி அவர் முன்னாலேயே கிழித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, இந்த 1,200 ஒவ்வொரு மாதமும் எங்கே போகிறது என்று எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்றாள். வட்டி கொடுப்பதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அது என் தப்பு.

நிறுவனத்தில் கடிதத்தை முதல் நாள் வாங்க மறுத்தார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, அதே நகலை மின்னஞ்சலிலும் போட்டேன். பத்தாம் நாள் திருத்திய அட்டவணை வந்தது. 204 இருந்த இடத்தில் 186. கூடுதல் 1,200-க்கும் வட்டிக் குறைப்புக்கும் தனித்தனியாக விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை.

1,40,000 மனைவியும் நானும் சேர்ந்த கணக்கில் இருக்கிறது. அட்டவணைத் தாளை அடுக்களையில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். கட்டிய மாதத்தை மூத்தவள் சிவப்பு மெழுகுக் குச்சியால் அடிக்கிறாள். முதல் கட்டம் முடிந்தது.