அம்மாவின் கீழ்ச் செற் நிற்கவே இல்லை, இம்பிளான்ற் போட்டால்தான் சரிவருமா?

ஒட்டுசுட்டான் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்திலேயே பற்கள் ஆடத் தொடங்கி, ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஆறு வருடத்துக்கு முன் மேலுக்கும் கீழுக்கும் கழற்றிப் போடுகிற முழுப் பொய்ப்பல் செற் கட்டினோம். மேல் செற்றில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. கீழ்ச் செற்தான் பாடாய்ப் படுத்துகிறது. கதைக்கும்போது எழும்புகிறது, சாப்பிடும்போது அதற்குக் கீழே சோறு போய்க் குத்துகிறது. இப்போது சாப்பிட உட்காரும்போதே அதைக் கழற்றிச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்துவிட்டு வெறும் முரசாலேயே புட்டையும் சொதியையும் பிசைந்து விழுங்குகிறார். மரக்கறி, இறைச்சி எல்லாம் விட்டுப் பல மாதம். இந்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய கச்சான் சரையைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சின்னவனிடம் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

இரண்டு தடவை செற்றின் உள்பக்கத்துக்குப் பூசிக் கொடுத்தார்கள். ஓரிரு மாதம் இருந்தது, பிறகு பழைய நிலைதான். ஒரு தனியார் இடத்தில் காட்டியபோது கீழுக்கு நாலு இம்பிளான்ற், அதாவது தாடை எலும்புக்குள் இறக்குகிற ரைற்றேனியம் ஆணி, போட வேண்டும் என்றார்கள். சொன்ன காசுக்கு வயல் துண்டை ஈடு வைக்க வேண்டும். மச்சாள் சொல்கிறார் புதுச் செற் கட்டினால் போதும் என்று.

அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். முன்னர் நன்றாக வெற்றிலை போடுவார், இப்போது குறைவு. இரவிலும் செற்றைக் கழற்றுவதில்லை, மருமகன் பல்லில்லாமல் பார்த்துவிடுவார் என்ற வெட்கம். விளம்பரத்தில் போடுகிற கதை வேண்டாம், உண்மையில் ஆராய்ந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செற் கட்டுகிறவன்:

அக்கா, நான் வவுனியாவில் பதினெட்டு வருடமாகப் பல்லு ஆய்வுகூட வேலை. வைத்தியர் இல்லை, ஆனால் கீழ்ச் செற்றோடு மல்லுக்கட்டியே காலம் போனது. முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: அம்மாவில் பிழை இல்லை, கட்டியவரிலும் பிழை இல்லாமல் இருக்கலாம். மேல் செற்றுக்கு மேலண்ணம் முழுக்கப் பரப்பு இருக்கிறது, எச்சில் ஈரத்தோடு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ்ச் செற் குதிரை லாடம் மாதிரி, நடுவில் நாக்கு ஓயாமல் தள்ளுகிறது, இரண்டு பக்கமும் கன்னத்துத் தசை தள்ளுகிறது. அதோடு பல் போன இடத்து எலும்பு கரைந்துகொண்டே போகும். தல்கிரென் என்ற ஆய்வாளர் செற் போட்டவர்களின் தாடையை 25 வருடம் வரை எக்ஸ்ரே எடுத்துப் பின்தொடர்ந்து 1972 இல் எழுதியதில், கீழ்த்தாடையின் எலும்பு மேல்தாடையைவிடச் சுமார் நாலு மடங்கு அதிகமாகக் குறைந்திருந்தது. ஆகவே அன்று அளவாக இருந்த செற் ஆறு வருடத்தில் சப்பாத்துப் பெருத்த மாதிரி ஆகிவிடும். உள்பக்கம் பூசுவது அதற்குத்தான். ஆனால் ஓரங்கள் குட்டையாக இருந்தாலோ மேல் கீழ் பற்கள் சந்திக்கிற விதம் மாறிவிட்டாலோ எத்தனை தரம் பூசியும் நிற்காது.

இரண்டு தரம் பூசியும் சரிவராத ஆறு வருடச் செற் என்றால், புதுச் செற்றை ஒரு தடவை ஒழுங்காகக் கட்டிப் பார்ப்பதுதான் என் எண்ணம். அதற்கு வயல் போகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் படித்தபோது ‘முகவில்’ என்ற அளவுக் கருவியை வைத்து அளவெடுத்து, இரண்டு மூன்று தரம் அச்செடுத்துத்தான் நல்ல செற் வரும் என்று சொல்லித் தந்தார்கள். மொன்றியலில் 2005 இல் வெளிவந்த ஆய்வில் நூற்றுச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு அந்த நீண்ட முறையிலும் மற்றப் பகுதிக்குச் சுருக்கமான முறையிலும் கட்டிக் கொடுத்தார்கள். செற் போட்டவர்களின் திருப்தியில் பேசும்படி வித்தியாசம் வரவில்லை. எனக்கு அதை ஏற்கவே கொஞ்சக் காலம் எடுத்தது. ஆகவே ‘எங்களிடம் விசேட அளவெடுப்பு இருக்கிறது, அதனால்தான் இந்த விலை’ என்று யாராவது சொன்னால் அதற்காகக் கூடக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். ஓரம் சரியா, கடி சரியா, குத்துகிற இடத்தைத் தேய்த்துத் தர நாலைந்து தரம் சலிக்காமல் கூப்பிடுகிறார்களா, அதைப் பாருங்கள்.

வீட்டில் அரத்தால் தேய்ப்பது, சுப்பர் குளூ போடுவது, கொதிதண்ணீரில் போடுவது மூன்றும் வேண்டவே வேண்டாம். செற்றின் அக்றிலிக் பிளாஸ்ரிக் சூட்டில் வளைந்துவிடும், பிறகு நானும் ஒன்றும் செய்ய ஏலாது.

பரந்தன் அண்ணா:

தங்கச்சி, என் அப்பாவுக்கு இதே கதைதான். கடைசியில் இம்பிளான்ற்தான் போட்டோம், ஆனால் நாலு இல்லை, இரண்டு. கீழ்த்தாடையில் முன்பக்கம், நாடிக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதன் தலையில் சட்டைக்குப் பூட்டுகிற அமுக்குப் பொத்தான் மாதிரி ஒன்று, செற்றின் உள்பக்கத்தில் அதற்கான குழி. டக்கென்று பூட்டும், இரவில் கழற்றலாம்.

நாங்களும் முதலில் நாலு என்று கேட்டுப் பயந்தவர்கள்தான். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் தேடிப் பார்த்துச் சொன்னான். 2002 இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: கீழ்ப்பல் முழுக்க இல்லாதவருக்குச் சாதாரண செற் முதல் தெரிவு அல்ல, இரண்டு இம்பிளான்றில் பூட்டுகிற செற்தான் முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று. 2009 இல் இங்கிலாந்தில் யோர்க்கிலும் அதையே ஒப்புக்கொண்டார்கள். கவனியுங்கள், இரண்டு பேச்சிலும் எண்ணிக்கை இரண்டுதான். நடுவில் ஒரேயொரு இம்பிளான்ற் போட்டவர்களையும் இரண்டு போட்டவர்களையும் வன்கூவரில் ஐந்து வருடம் பார்த்ததில்கூடத் திருப்தியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கழற்றாமல் நிரந்தரமாகப் பூட்டுகிற பற்களுக்கு நாலோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும், அது வேறு வேலை. உங்களுக்கு நாலு சொன்னவர் எதை நினைத்துச் சொன்னார் என்று நேரே கேளுங்கள்.

ஆனால் இந்த ஆய்வுகளை அப்படியே தூக்கி வன்னிக்குள் வைக்க முடியாது, இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். பொத்தானுக்குள் இருக்கிற சின்ன வளையம் தேயும். அப்பாவுக்கு ஒன்றரை வருடத்தில் தேய்ந்து செற் ஆடத் தொடங்கியது. மாற்றுவது பத்து நிமிட வேலை, ஆனால் அந்த வகை வளையம் இங்கே ஒரு இடத்திலும் இல்லை. 80 வயது மனுஷனைக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏற்றி இறக்கினோம். மொன்றியலில் இருக்கிற ஆளுக்கு அது பிரச்சினை இல்லை. ஆகவே போடுவதற்கு முன்னமே கேளுங்கள்: என்ன வகை, உதிரி எங்கே கிடைக்கும், நீங்கள் இல்லாவிட்டால் யார் மாற்றுவார்.

சீனி வருத்தத்தைப் பொறுத்தவரை, வருத்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளிவிடுவதில்லை. கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரைற்றேனியம் எலும்போடு ஒட்டிப் பிடிக்க மாதக்கணக்கு எடுக்கும், அந்த நேரம் சீனி ஏறிக் கிடந்தால் காயம் ஆறாது, கிருமி பிடிக்கும். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி சோதனையைச் செய்து கையில் வைத்துக்கொண்டு போங்கள். எலும்பு தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், தாடை எலும்பில் அது வேலையைக் காட்டும்.

வார்ட் அக்கா:

எல்லாரும் செற்றைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு இந்தப் பதிவில் பயமாக இருந்த வரி, அம்மா இரவிலும் கழற்றுவதில்லை என்பது. நான் தாதியாக வேலை செய்கிறேன், வார்ட்டுக்கு வருகிற வயதானவர்களின் வாயைப் பார்க்கிறவள். தோக்கியோவில் 85 வயதுக்கு மேற்பட்ட 524 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2015 இல் ஓர் ஆய்வு வந்தது. செற்றோடு தூங்குகிறவர்களுக்கு நியூமோனியாவால் ஆஸ்பத்திரிக்கு வருவதோ இறப்பதோ கழற்றிவைத்துத் தூங்குகிறவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. செற்தான் நேரே காரணம் என்று அந்த ஒன்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அவர்களின் நாக்கிலும் செற்றிலும் அழுக்கு அதிகம், முரசு அழற்சி அதிகம், அதுவும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. தூக்கத்தில் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், அதோடு வாயிலிருக்கிற கிருமியும் இறங்கும். கழற்றி வைக்க ஒரு சதமும் செலவில்லை.

மேல் செற் ‘ஒரு குறையும் இல்லை’ என்றீர்களே, அதைக் கழற்றச் சொல்லி மேலண்ணத்தை வெளிச்சத்தில் பாருங்கள். செற்றின் அளவுக்கே சிவந்து கிடந்தால் அது பெரும்பாலும் கன்டிடா என்ற பூஞ்சணம். நோகாது, அதனால் யாரும் தேடுவதில்லை. சீனி வருத்தக்காரருக்கு இன்னும் லேசாக வரும். மென்மையான பிரஷும் சாதாரண சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, இரவில் மூடியுள்ள கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். பற்பசை வேண்டாம், அது அக்றிலிக்கைக் கீறும், கீறலுக்குள் பூஞ்சணம் குடியிருக்கும்.

வெட்கத்துக்கு மருந்து உங்கள் வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது. அவரே ஒருநாள் ‘மாமி, கழற்றி வைச்சிட்டுப் படுங்கோ’ என்று இயல்பாகச் சொன்னால் முடிந்துவிடும்.

வெற்றிலை போட்டவர் என்பதால் இன்னொன்று. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்குவது, புகையிலை சேராவிட்டாலும், என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியிலேயே இருக்கிறது. செற் குத்திய புண் என்று நாங்கள் நினைக்கிறது வேறொன்றாகவும் இருக்கலாம். செற்றைக் கழற்றி வைத்தும் இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, வாய் முன்னைப்போல் திறக்காமல் இறுகுவது, இதில் எது இருந்தாலும் செற் கதையை ஒதுக்கிவைத்து உடனே அரச வைத்தியசாலைப் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டையும் விடாதீர்கள். புதுச் செற் கட்டிக் கொடுத்தால் ஆக்கள் தானாக நல்ல சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நினைப்போம், அப்படி நடப்பதில்லை. நியூகாசிலில் புதுச் செற்றோடு சாப்பாட்டு ஆலோசனையும் கொடுத்தவர்கள்தான் பழமும் மரக்கறியும் கூட்டிச் சாப்பிட்டார்கள். புட்டும் சொதியுமாகவே இருந்தால் சீனியும் இறங்காது. முருங்கையிலை, பூசணி, பருப்பு, மீன், முட்டை, இதெல்லாம் முரசாலும் சாப்பிடலாம். இன்றைக்கே தொடங்கலாம்.

துணுக்காய் ரீச்சர்:

இடையில் ஒரு கேள்வி, மன்னியுங்கள். என் கணவருக்குக் கொடுப்புப் பற்கள் மட்டும் பின்பக்கம் இரண்டு பக்கமும் இல்லை, முன்னுக்கெல்லாம் நல்லாக இருக்கின்றன. அதற்கும் செற் கட்டத்தான் வேண்டுமா?

செற் கட்டுகிறவன்:

ரீச்சர், கட்டாயம் இல்லை. நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்தில் கைசர் என்பவர் இதைத்தான் பல வருடம் ஆராய்ந்தார். முன்பற்களும் அதற்கடுத்த சின்னக் கொடுப்புப் பற்களும் மேலும் கீழும் சந்திக்கிற மாதிரி இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே காணும். உலக சுகாதார நிறுவனம் 1992 இல் சொன்னதும் ஆயுள் முழுக்க 20 சொந்தப் பல்லாவது இருக்க வேண்டும் என்றுதான், 32 இல்லை. அவருக்குச் சாப்பிடக் கஷ்டம் இல்லை என்றால் அந்தக் காசில் இருக்கிற பற்களைக் காப்பாற்றுங்கள். கம்பி போட்ட பகுதிச் செற்றைச் சுத்தமாக வைக்காவிட்டால் பக்கத்து நல்ல பல்லும் சூத்தையாகிப் போகும்.

ஒட்டுசுட்டான் மகள்:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், எல்லாருக்கும் நன்றி. வார்ட் அக்கா சொன்ன அன்று இரவே மேலண்ணத்தைப் பார்த்தேன், செற்றின் அச்சு மாதிரிச் சிவந்து கிடந்தது. ஆறு வருடமாக ‘குறையில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அரச வைத்தியசாலையில் காட்டினோம். வாய் முழுக்கத் தடவிப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். பூசுகிற மருந்து தந்து, இரவில் கட்டாயம் கழற்றச் சொல்லி, முரசு ஆறிய பிறகுதான் புதுச் செற்றுக்கு அச்செடுக்கலாம், வீங்கியிருக்கும்போது எடுத்தால் அளவு பிழைக்கும் என்றும் விளங்கப்படுத்தினார்கள். எச்பிஏ1சி 9.1. கிளினிக்கில் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். முதலில் புதுச் செற், சீனி இறங்கியும் கீழ்ச் செற் நிற்காவிட்டால் இரண்டு இம்பிளான்றுக்கு நிபுணரிடம் துண்டு தருவதாகச் சொன்னார்கள். வயல் இப்போதைக்குத் தப்பியது.

இவர் அம்மாவிடம் கதைத்துவிட்டார். இரண்டு நாள் அழுதார், இப்போது கிண்ணத்தைத் தானே தேடி எடுத்து வைக்கிறார். அடுத்த வைகாசிக்குக் கச்சான் சாப்பிடலாமா என்று கேட்கச் சொன்னார்.

செற் கட்டுகிறவன்:

வறுத்த கச்சானுக்கு இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள் அக்கா. எவ்வளவு நல்ல செற் என்றாலும் கடிக்கிற பலம் சொந்தப் பல்லில் நாலில் ஒன்றுக்கு மேல் வராது, கச்சான் துண்டு செற்றுக்குக் கீழே போனால் சரியாக நோகும். புதுச் செற் வந்து முதல் ஒன்றிரண்டு மாதம் மெதுவானதைச் சின்னத் துண்டாக, இரண்டு பக்கக் கொடுப்பிலும் ஒரே நேரம் வைத்து மெல்லப் பழகட்டும், ஒரு பக்கம் மட்டும் கடித்தால் மற்றப் பக்கம் எழும்பும். அது பழகிய பிறகு அவித்த கச்சான் கொடுத்துப் பாருங்கள்.