மேல்முறையீட்டில் தாமதம்: மன்னிப்பு கிடைக்குமா?

கேள்வி: மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் எங்கள் சொத்து வழக்கின் தீர்ப்பு வந்து 47 நாட்கள் ஆகிவிட்டன. சான்றிட்ட நகல் கேட்டு மனு செய்து, 12 நாட்கள் கழித்தே அது கிடைத்தது. இனி மேல்முறையீடு செய்ய இயலுமா?

பதில் 1: ஐயா, சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே கெடு என்றாலும், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12ஆவது பிரிவின்படி நகல் பெற ஆன நாட்கள் கழிக்கப்படுவதால், உங்கள் தாமதம் இன்றைய கணக்கில் 5 நாட்கள் மட்டுமே. போதிய காரணத்தை விளக்கும் பிரமாணப் பத்திரத்துடன், 5ஆவது பிரிவின் கீழ் தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

பதில் 2: நாட்களின் எண்ணிக்கையைவிடக் காரணமே முக்கியம். காதிஜி என்பவர் தொடர்பான வழக்கில் (1987) தாமதத்தைத் தாராளமாகப் பார்க்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2012இல் அஞ்சல் துறையின் வழக்கில், கோப்பு மேசை மேசையாக நகர்ந்ததைக் காரணமாக ஏற்கவில்லை. அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பதில் 3: கட்டணக் குறைவு போன்ற பிழைகளுக்காக மனு திருப்பப்பட்டால், குறித்த கெடுவுக்குள் சரிசெய்து மறுதாக்கல் செய்யலாம். அதையும் தவறவிட்டால், அந்தத் தாமதத்துக்குத் தனி மனு வேண்டும்.