விகிலியா இரவும் சிவப்பு போன பார்ஷ்ச்சும்

அகப்பை:
போலந்து, டிசம்பர் 24, விகிலியா எனும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. விரிப்புக்கு அடியில் வைக்கோல், எதிர்பாராத விருந்தாளிக்கு ஒரு காலித் தட்டு எல்லாம் இங்கே தெரிந்த கதை, நேரே பார்ஷ்ச் என்கிற பீட்ரூட் சூப் பானைக்குப் போகிறேன். அன்று வார்சாவில் மூன்றரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். முதல் விண்மீன் தெரிந்தது என்று பிள்ளைகள் ஓடிவந்ததும் ஒப்வாத்தெக் என்ற அப்பளத்தைக் கையில் எடுப்பார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது "சூப் கொஞ்சம் சூடாகட்டும்" என்று தீயைக் கூட்டிவிட்டு வருவார். அங்கேதான் கெடுகிறது. காகிதம் போல மெல்லிய அந்த மாவு அப்பளத்தை ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் நீட்டி, ஒரு துணுக்கு பிட்டு, வாழ்த்துச் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் என்றால் 45 ஜோடி. பாட்டிகள் சுருக்கமாக வாழ்த்தும் வழக்கமும் இல்லை. கால் மணி கழித்து மூடியைத் திறந்தால் தளதளவென்று கொதி. மாதுளைச் சாறு மாதிரி இருந்த பார்ஷ்ச், வெள்ளைக் கிண்ணத்தில் செங்கல் கரைத்த தண்ணீராக விழும். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுதான் கொடுமை.

உப்பும்புளிப்பும்:
பீட்ரூட்டின் சிவப்பு பெட்டனின் என்ற நிறமி. சூடு ஏற ஏறச் சிதைந்து பழுப்பாகும், புளிப்பு இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் வரிசை முக்கியம்: கேரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர், 30 கிராம் காய்ந்த காளான் போட்டு ஒன்றரை லிட்டர் காய்கறிச் சாறு எடுத்து வடிகட்டுங்கள். தீயைக் குறைத்த பிறகுதான் அரை லிட்டர் புளித்த பீட்ரூட் நீர், அதாவது சாக்வாஸ், ஊற்ற வேண்டும். ஆவி பறந்தால் போதும், குமிழி வரக் கூடாது. ஒரு டம்ளர் சாக்வாஸைப் பச்சையாகவே தனியே எடுத்து வைத்துக்கொண்டால், நிறம் போனாலும் பரிமாறும்போது ஊற்றி ஓரளவு மீட்கலாம். ஒப்வாத்தெக் முடிகிற வரை அடுப்பை அணைத்தே வையுங்கள்.

ஏரிக்கெண்டை:
பார்ஷ்ச் இல்லாமல் விகிலியாவே இல்லை என்கிற மாதிரி பேசுகிறீர்கள். தெற்கே எத்தனையோ வீடுகளில் அன்று காளான் சூப்தான். சிலேசியாப் பகுதியில் ஹெம்ப் எனும் சணலின் விதையில் செய்த சூப் வைக்கும் வீடுகளும் உண்டு. எல்லா ஊருக்கும் பொதுவான சிக்கல் கெண்டை மீன். தசைக்குள் ஒய் எழுத்து வடிவில் முள், சாதாரணமாக எடுக்கவே வராது. வழி இதுதான்: முள்ளெடுக்காத பக்கத் துண்டைத் தோல் கீழே இருக்கும்படி வைத்து, 3 மில்லிமீட்டருக்கு ஒரு கீறல், தோல் வரை போக வேண்டும், தோல் அறுபடக் கூடாது. கத்தி சரியாக இறங்கினால் கிரக், கிரக் என்று முள் அறுபடும் சத்தம் கேட்கும். அது கேட்கவில்லையா, கீறல் ஆழமில்லை. அறுபட்ட முள் சூடான எண்ணெயில் மொறுமொறுப்பாகி மீனோடு போய்விடும்.

பிறகு, குளியல் தொட்டியில் இரண்டு நாள் நீந்தவிட்டால் சேற்று வாடை போய்விடும் என்பார்கள். வாடை போகிறதுதான்.

அகப்பை:
முள் விஷயம் சரி, தொட்டி விஷயம் தப்பு. அந்த வாடை ஜியோஸ்மின். குளத்து நுண்ணுயிர்கள் உண்டாக்குவது, மீனின் கொழுப்பில் போய்த் தங்கும். பல நாள், சில சமயம் வாரக்கணக்கில், தீனி போடாமல் ஓடும் சுத்த நீரில் விட்டால்தான் இறங்கும். பண்ணையிலேயே செய்ய வேண்டிய வேலை. தேங்கிய குழாய்த் தண்ணீரில் மீன் மூச்சுக்குத் திணறுவதுதான் மிச்சம், உயிரோடு விற்பதை எதிர்த்து அங்கே குரல் எழுந்ததும் இதனால்தான். வீட்டில் வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புப் பட்டையையும் சீவி எடுங்கள், எலுமிச்சை பிழிந்து வையுங்கள். புளிப்பு ஜியோஸ்மினை உடைக்கும். நம்மூர்ப் புளிக்குழம்பில் ஏரி மீன் வாடை அடங்குவதும் இப்படித்தான். வெங்காயத்தோடு பாலில் ஒரு இரவு ஊறவைப்பதும் அங்கே வழக்கம். அதிர்ஷ்டத்துக்கென்று மீன் செதிலைப் பணப்பையில் வைப்பதானால் கழுவிக் காயவைத்து வையுங்கள், இல்லாவிட்டால் வருஷம் முழுக்க நோட்டில் நாறும்.

மூடிஜாடி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சாக்வாஸ் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேருக்கு அது பானைக்கு வருவதற்கு முன்னாலேயே கெடுகிறது. 17, 18ஆம் தேதி போட வேண்டும். ஒரு கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவி அரை சென்டிமீட்டர் வில்லைகளாக்கி 3 லிட்டர் ஜாடியில் அடுக்குங்கள். 5 பல் பூண்டு, 3 பிரிஞ்சி இலை, 5 ஆல்ஸ்பைஸ். கொதித்து ஆறிய ஒன்றரை லிட்டர் தண்ணீரில், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து ஊற்றுங்கள். எதுவும் மிதக்கக் கூடாது, மேலே ஒரு சின்னத் தட்டை அழுத்தி வையுங்கள். பூசணம் எப்போதும் மிதக்கிற துண்டில்தான் முதலில் பிடிக்கும், ரை என்ற தானிய ரொட்டியின் ஓரம் போடுகிறவர்களுக்கு அந்த ரொட்டியில். சுத்தமான கரண்டியால் தினம் ஒரு கிளறு. ஐந்திலிருந்து ஏழு நாளில் புளிக்கும். நுரை வந்தால் பயமில்லை. வழவழப்பான வெண்படலம் ஈஸ்ட், வழித்துவிடலாம். பஞ்சு மாதிரி முடி வைத்துப் பச்சையோ கறுப்போ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள், மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றும் வேலை வேண்டாம். நீர் கோந்து மாதிரி நூல் இழுத்தால், பீட்ரூட்டின் சர்க்கரையை ஒருவகை பாக்டீரியா பிசினாக்கிவிட்டது என்று அர்த்தம். இடம் சூடு, அல்லது உப்பு குறைவு. 20 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் வராது. வடிகட்டி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும்.

உப்பும்புளிப்பும்:
மூடிஜாடி சொன்னதோடு இன்னொன்று. உஷ்காவை, காதுமடல் மாதிரி மடித்த அந்தக் காளான் கொழுக்கட்டையை, பார்ஷ்ச்சிலேயே வேகவைக்காதீர்கள். மாவு கரைந்து தெளிவு போய்விடும், அதற்காகத் தீயைக் கூட்ட, நிறமும் போகும். உப்புத் தண்ணீரில் தனியே வேகவைத்து, எண்ணெய் தடவி, கிண்ணத்துக்கு ஐந்தாறு போட்டு மேலே பார்ஷ்ச்சை ஊற்றுங்கள். காளானைப் பிழியாமல் பூரணம் செய்தால் ஓரம் பிரியும். பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், துணியில் மணல் போக வடிகட்டினால் சூப்புக்கு ஆகும்.

ஏரிக்கெண்டை:
தொட்டி விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். சணல் விதை சூப்பை விட்டுக்கொடுக்கமாட்டேன்.