மறு: "இறப்பு விகிதம் 1.6" – அச்சுக்குப் போகுமுன் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மீன்வளப் பாடநூலின் ஏழாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சகம் போகிறது. கொல்லத்துக்கு அப்பால் ஆழ்கடலில் இழுவலையில் விழும் சிவப்பு இறால், அரிஸ்டியஸ் அல்காக்கி பற்றியது. பயிற்சிக் கணக்கில் "மொத்த இறப்பு விகிதம் ஆண்டுக்கு 1.6" என்று நிற்கிறது. மாணவர் இதை 160 விழுக்காடு என்றுதான் படிப்பார். 1.6 என்பது e என்ற மாறிலியின் அடுக்கில் குறைக்குறியோடு (e^−1.6) நிற்கும் எண். அதன்படி ஓராண்டில் எஞ்சுவது 0.20, நூற்றுக்கு 80 சாகின்றன.

அந்த 1.6-ஐப் பிரித்தால் இயற்கை இறப்பு 0.7, மீன்பிடி இறப்பு 0.9. இவற்றைத் தனித்தனியே விழுக்காடாக்கினால் 50, 59 என்று வரும். கூட்டினால் நூறைத் தாண்டிவிடும். அடுக்கில் உள்ள எண்களைத்தான் கூட்டலாம். இது விளங்கும்படி ஒரு பெயர் சொல்லுங்கள்.
– செ.

* * *

செ. அவர்களுக்கு,

"விகிதம்" கட்டாயம் போக வேண்டும். ஒரே வகையான இரண்டு அளவுகளை வகுத்தால் வருவது விகிதம். அதற்கு அலகு இல்லை. நீங்கள் சொல்லும் எண்ணுக்கு "ஆண்டுக்கு" என்ற அலகு இருக்கிறது. அதே பக்கத்தில் 0.9-ஐ 1.6-ஆல் வகுத்து "சுரண்டல் விகிதம் 0.56" என்கிறீர்கள். உண்மையான விகிதம் அதுதான். இசட்டுக்கு (Z, அதாவது அந்த 1.6) "கணநிலை இறப்பு வீதம்" என்று எழுதுங்கள். இலங்கையில் இயற்பியல் படித்தவர்களுக்குக் "கணநிலை" பழகிய சொல்.
– ந., யாழ்ப்பாணம்

* * *

ஐயா, "கணநிலை" தமிழ்நாட்டு மாணவருக்கு ஓடாது. இங்கே பள்ளி நூலில் "உடனடித் திசைவேகம்" என்று இருக்கிறது. ஆனால் "உடனடி இறப்பு" என்று எழுதினால் சாலை விபத்துச் செய்தி போல ஆகிவிடும். "இறப்புக் கெழு" போதும். அதே இயலில், இறால் எவ்வளவு விரைவாக வளர்கிறது என்று காட்டும் கே (K) என்பதை "வளர்ச்சிக் கெழு" என்கிறோம். இரண்டும் அடுக்கில் நிற்பவை, இரண்டுக்கும் அலகு "ஆண்டுக்கு". கெழுமுதல் என்றால் இணைதல். மாறியோடு இணைந்து நிற்பது கெழு. "துறைகெழு", "வளங்கெழு" என்ற பழைய ஆட்சிகளையும் பாருங்கள். குணகம் என்பதைவிட இது எவ்வளவோ மேல்.
– மு.

* * *

கெழு இருக்கட்டும். "இறப்பு" சரியா என்று யாரும் கேட்கவில்லையே? இறத்தலின் முதற்பொருள் கடத்தல். இறந்தகாலம் கடந்தகாலம், வரம்பிறத்தல் வரம்பு கடத்தல். நெய்தல் பாட்டில் இறாலுக்கு இறவு என்றே பெயர். ஓட்டைக் கழற்றிக் கடந்துபோகும் உயிர் என்பதால் இறவு ஆயிற்று என்பது என் துணிபு. ஆகவே இறால் நூலில் "இறப்பு" என்றால் தோலுரிப்பா சாவா என்ற மயக்கம் சொல்லிலேயே உள்ளது. "கழிவு" என்று வையுங்கள்: மொத்தக் கழிவு, இயற்கைக் கழிவு, பிடிக் கழிவு. கழிதலில் சாவும் உண்டு, கணிதக் கழித்தலும் உண்டு.
– வ.

* * *

வ. ஐயா, தோலுரிப்பை எந்த மாணவரும் இறப்பு என்று எண்ணமாட்டார். "கழிவு" வேண்டவே வேண்டாம். இழுவைப் படகில் கழிவு மீன் என்றால் சங்காயம். "பிடிக் கழிவு 0.9" என்று எழுதினால் கடலில் கொட்டியதன் கணக்கு என்று படிப்பார்கள். தளத்தில் செத்துக் கடலில் வீசப்பட்டதும் மீன்பிடி இறப்பில் சேரும் என்பதை இயல் சொல்ல வேண்டிய இடத்தில் இந்தச் சொல் அதை மறைத்துவிடும்.

பெயரைவிட அந்த 0.7 எனக்குக் கவலை தருகிறது. வளர்ச்சியையும் வெப்பநிலையையும் கொண்டு இயற்கை இறப்பைக் கணிக்கும், மீன்வள அறிஞர் டேனியல் பாலியின் 1980-ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் போட்டது என்று தெரிகிறது. அது 175 மீன் திரள்களை (ஓரினம் ஓரிடத்தில் வாழும் கூட்டம் ஒரு திரள்) வைத்து எழுதியது. இறால்களை வைத்து அல்ல. அதில் வெப்பநிலைக்கு 0.4634 என்ற அடுக்கு உண்டு. இறால் வாழும் ஆழத்தின் 10 பாகைக்குப் பதில் மேற்பரப்பின் 28 பாகையைப் போட்டால் விடை 1.6 மடங்கு வீங்கும். மொத்தம் மாறாததால் மீன்பிடியின் பங்கு அந்த அளவுக்குச் சுருங்கி, திரளுக்கு உள்ளதைவிட அழுத்தம் குறைவு என்று காட்டும். வெப்பநிலை எந்த ஆழத்தில் எடுத்தது என்று அடிக்குறிப்பு போடுங்கள்.

வளர்ச்சிச் சமன்பாட்டில் வரும் "முடிவிலி நீளம்" என்பதையும் மாற்றுங்கள். முடிவில்லாமல் நீளும் இறால் கிடையாது. "பெரும நீளம்" என்பதும் பிழை. மிக முதிர்ந்தவற்றின் சராசரி அது. தனி இறால் ஒன்று அதை மிஞ்சலாம். "அணுகு நீளம்" பொருந்தும். அளந்தது கண்குழி விளிம்பிலிருந்து தலையோட்டின் பின்விளிம்பு வரை என்றும் எழுதுங்கள். தலையின் முன் நீளும் கொம்பு வலையில் ஒடிவதால் முழு நீளத்தை நம்ப முடியாது. மீனுக்குச் செவிக்கல் போல இறாலுக்கு வயது காட்டும் பகுதி எளிதில் கிடையாது. நீளப் பரவலில்தான் வயதைத் தேடுகிறோம். ஆகவே அளவு பிசகினால் கே, இசட் இரண்டும் பிசகும்.
– தா., தூத்துக்குடி

* * *

"இயற்கை இறப்பு" என்பதும் இடறுகிறது. பேச்சில் அது மூப்பால் சாவது. இங்கே பெரும்பாலும் இரையாவது. "பிடிசாரா இறப்பு" எனலாம். அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் வடக்கு இறால் (பண்டாலஸ் போரியாலிஸ்) பிடிப்பு 2014 பருவம் முதல் மூடப்பட்டும் திரள் மீளவில்லை. நீர் சூடேறியதும் ஒரு காரணம். அதையெல்லாம் "இயற்கை" என்று எப்படிச் சொல்வது?
– ந.

* * *

பிடிசாரா: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சரி. சேர்த்தெழுதினால் "பிடிசாராவிறப்பு" ஆகும். அட்டவணைத் தலைப்பில் எவரும் படிக்க மாட்டார்கள்.
– மு.

* * *

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை. "இறப்புக் கெழு" (மு., தா., நான்), "அணுகு நீளம்" (மறுப்பில்லை). முதல் முறை வரும்போது மட்டும் "கணநிலை இறப்புக் கெழு". "இயற்கை இறப்பு" இப்பதிப்பில் அப்படியே நிற்கும். அதில் இரையாதல், நோய், மூப்பு மூன்றும் அடங்கும் என்று ஒரு வரி சேர்க்கிறேன். வெப்பநிலை அடிக்குறிப்பை தா. இன்றிரவே அனுப்பினால் சேர்த்துவிடலாம்.
– செ.

* * *

கழிவே சரி என்ற என் கருத்தை அடுத்த பதிப்புக்காகக் குறித்து வையுங்கள்.
– வ.