டிடிஎஃப்1 ஆன்டிபாடி: 103-இல் ஒன்றுமில்லை, 40-இல் கொழுத்த பேண்ட்

ஜெல்ராத்திரி:
ஆர்என்ஏ பாலிமரேஸ் 1 நடத்தும் டிரான்ஸ்கிரிப்ஷனை (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ நகலெடுப்பதை) முடித்து வைக்கிற டிடிஎஃப்1 (டிரான்ஸ்கிரிப்ஷன் டெர்மினேஷன் ஃபேக்டர் 1) புரதத்தைப் பார்ப்பதற்காக, அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடி ஒன்றை, முயலில் எடுத்தது, வாங்கினோம். எச்441 செல், வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் முறை). 905 அமினோ அமிலம், கணக்குப்படி 103 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் வர வேண்டும். அங்கே ஒன்றுமே இல்லை, 40 பக்கத்தில் மட்டும் பட்டையாக ஒரு பேண்ட். புரதம் சிதைகிறதோ என்று புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தடுப்பானை இரட்டிப்பாக்கி, எல்லாவற்றையும் ஐஸிலேயே செய்து பார்த்தும் மூன்று வாரம் போனதுதான் மிச்சம். எங்கே தப்பு?

நியூக்ளியோலஸ்பித்தன்:
சிதைவு என்றால் இவ்வளவு சுத்தமாக ஒரே பேண்ட் வருவது அபூர்வம், ஏணி மாதிரி இழுத்துக்கொண்டு வரும். உங்களிடம் இருப்பது வேறு டிடிஎஃப்-1 என்று நினைக்கிறேன். தைராய்டு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் 1-ஐயும் அப்படித்தான் சுருக்குகிறார்கள். அதன் மரபணுப் பெயர் என்கேஎக்ஸ்2-1, 371 அமினோ அமிலம், 40 பக்கம் ஓடும். நுரையீரல் அடினோகார்சினோமாவை அடையாளம் காண நோயியல் ஆய்வகங்கள் அதைத்தான் சாயமிடுகின்றன, அதனால் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் அதுவே முதலில் வந்து நிற்கும். போதாததற்கு எச்441-உம் நுரையீரல் கட்டியிலிருந்து வந்த செல்தான்! தரவுத்தாளில் யூனிபுராட் (புரதத் தரவுத்தளம்) எண்ணைப் பாருங்கள்: உங்களுக்கு வேண்டியது கியூ15361, மற்றது பி43699.

ஜெல்ராத்திரி:
பி43699. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சரி, புதிதாக வாங்கினால் அது சரியானதுதானா என்று எப்படி உறுதி செய்வது?

பஃபர்பாதி:
முதலில் ஹீலா லைசேட்டில் (ஹீலா செல்களை உடைத்த கரைசல்) ஓட்டுங்கள், அதில் தைராய்டு வகை தொல்லை கிடையாது. பேண்ட் 103-க்கு மேலே வந்தாலும் பயப்படாதீர்கள், எலியின் டிடிஎஃப்1 ஜெல்லில் 130 பக்கம் ஓடுவது பழைய செய்தி. அப்புறம் எஸ்ஐஆர்என்ஏ போட்டு மரபணுவை அடக்கிப் பாருங்கள், பேண்ட் மங்காவிட்டால் அந்த ஆன்டிபாடியை நம்பவே வேண்டாம், விற்றவர் எத்தனை படம் காட்டினாலும் சரி. இன்னொன்று, இது ரைபோசோம் டிஎன்ஏவில் சால் பாக்ஸ் என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புரதம், அளவும் குறைவு, எனவே மென்மையான பஃபரில் கரைத்துச் சுழற்றினால் படிவோடு போய்விடும். சோனிகேட் செய்யுங்கள், அதாவது மீயொலியால் உடையுங்கள்.

நியூக்ளியோலஸ்பித்தன்:
இம்யூனோஃபுளோரசன்ஸும் (ஒளிரும் ஆன்டிபாடியால் செல்லுக்குள் புரதம் எங்கே என்று பார்ப்பது) ஒரு தடவை. நியூக்ளியோலஸின் (செல்லின் கருவுக்குள் ரைபோசோம் ஆர்என்ஏ உருவாகும் இடம்) அடையாளப் புரதமான ஃபைப்ரில்லாரினோடு சேர்த்துச் சாயமிட்டால் இரண்டும் அங்கேதான் தெரிய வேண்டும். கரு முழுக்கப் பரவி, நியூக்ளியோலஸ் மட்டும் கருப்பாக விட்டுப்போனால் மறுபடியும் பழைய ஆள்தான் வந்திருக்கிறான். டிடிஎஃப்2 என்று இன்னொன்றும் உண்டு, அது பாலிமரேஸ் 2 பக்கம், ஆர்டர் போடும்போது எண்ணையும் கவனியுங்கள்.

ஜெல்ராத்திரி:
நன்றி. பழைய குப்பியில் பெரிதாக என்கேஎக்ஸ்2-1 என்று எழுதி ஒட்டிவிட்டேன்.