சீனாவுக்குப் பாக்கிங் இயந்திரம் பார்க்கப் போகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லிடை மருமகள்:
கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில். மாமியார் தொடங்கியது, இப்போது கணக்கு வழக்கும் வியாபாரமும் என் பொறுப்பு. தேய்ப்பதும் காயவைப்பதும் எங்கள் தெருப் பெண்கள்தான், அதை மாற்றும் எண்ணமே இல்லை. திணறுவது பாக்கெட் போடுவதில். எண்ணி, அடுக்கி, உறையில் இட்டு ஒட்டி முடிப்பதற்குள் சென்னை லாரி கிளம்பிவிடுகிறது.

தானாக உறையிட்டு ஒட்டும் இயந்திரத்தை இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் சீனா. விலை கேட்டதிலிருந்து இரவு பகலாகச் செய்தி அனுப்புகிறார்கள். நிஜமாகவே ஆலை வைத்திருக்கிறார்களா, ஒரு மேசையும் கம்ப்யூட்டரும்தானா என்று தெரியவில்லை. நேரிலேயே பார்த்துவிடலாம் என்றால், நான் இதுவரை தாண்டிய எல்லை ஆரியங்காவுதான். அக்டோபரில் குவாங்சோவில் பெரிய கண்காட்சி உண்டாமே, அப்போது போகலாமா? ஐப்பசி அடைமழையில் அப்பளம் காயாது, எங்களுக்கும் வேலை குறைவு. கணவர் துணைக்கு வருவார். சைவம் என்பதால் அவருக்குச் சாப்பாட்டுக் கவலை.

பேட்டை மில்காரர்:
முதலில் கோயம்புத்தூருக்குப் போய்வாருங்கள். ஒட்டும் சூட்டுத்தகடு பழுதானால் ஆள் மறுநாள் காலை வந்து நிற்பான். சீனாக்காரன் வீடியோதான் அனுப்புவான்.

துறைமுகத்து அண்ணாச்சி:
தங்கச்சி, தூத்துக்குடியில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்சியில் காலம் தள்ளியவன் நான். எத்தனையோ பேர் ஆசையாய் வாங்கிய இயந்திரங்களை மரப்பெட்டியோடு பார்த்திருக்கிறேன்.

கண்காட்சி 1957 முதல் நடக்கிறது. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. அக்டோபர் 15-இல் தொடங்கும், மூன்று கட்டம். இயந்திரங்கள் முதல் கட்டத்திலேயே முடிந்துவிடும். தீபாவளிக் கூட்டத்தில் டவுன் ரதவீதியில் நடப்பதுபோல் நடந்து, பை நிறைய விலைப்பட்டியலோடு திரும்புவீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு இயந்திரம். அதற்கு இது எதற்கு?

ஆலை உண்டா என்பதை இங்கிருந்தே பாதி அறியலாம். தொழில் உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். அதில் 18 இலக்க எண் இருக்கும், என்ன தொழில் என்பதும் எழுதியிருக்கும். பணம் கேட்கும் வங்கிக் கணக்கு அதே பெயரில் இல்லையென்றால் பேச்சை நிறுத்திவிடுங்கள். வாசல் பலகையிலிருந்து உள்ளே வரை வீடியோ அழைப்பில் நடந்து காட்டச் சொல்லுங்கள். மேசைக்காரர்கள் அன்றைக்கு மட்டும் ஊரில் இருக்கமாட்டார்கள்.

அங்கே வழக்கம் 30 சதவீதம் முன்பணம், இயந்திரம் தயாரானபின் கப்பலேறும் முன் மீதி 70. ஒரு பயணத்துக்குத்தான் வசதி என்றால் அந்த 70-ஐ அனுப்புவதற்கு முன் போங்கள். எல்லோரும் ஆர்டருக்கு முன் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறார்கள். மெஷின் உங்கள் அப்பளத்தை உடைக்காமல் தள்ளுகிறதா என்பது உங்கள் அப்பளம் அதில் ஓடினால்தானே தெரியும்? பிஸ்கட்டை ஓட்டிக் காட்டுவார்கள், மயங்காதீர்கள். மாதிரியைக் கொண்டுபோவதா, அனுப்புவதா, அந்நாட்டுச் சுங்கம் விடுமா என்று ஆலையிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அங்கே மும்முனை மின்சாரம் 380 வோல்ட், நமக்கு 415. ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். மரப்பெட்டியில், மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். ‘தூத்துக்குடி வரை நாங்களே அனுப்புகிறோம், கட்டணம் கொஞ்சம்தான்’ என்று இனிக்கப் பேசினால் உஷார். பலர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் வரும்போது, அங்கே விட்ட காசை இங்கே இறக்குகூலி, ஆவணக்கூலி என்று கறந்துவிடுவார்கள். எஃப்.ஓ.பி. விலைக்கு, அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலைக்கு வாங்கி, கப்பல் ஏற்பாட்டை நம் பக்க ஏஜென்டிடம் விடுங்கள்.

இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு பான் எண்ணை வைத்து இணையத்திலேயே வாங்கலாம். விசா ‘எம்’ வகை, அதாவது வியாபாரப் பயணத்துக்கானது; ஆலையின் அழைப்புக் கடிதம் வேண்டும். அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டுச் சமயமும் வேண்டாம், ஆலை பூட்டியிருக்கும்.

வீ.கே.புரம் பாத்திரக்கடை:
திருவனந்தபுரத்தில் ஏறி சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் மாறிப் போகலாம். கூகுள், வாட்ஸ்அப் அங்குள்ள சிம்மில் திறக்காது. இங்கிருந்தே ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் செய்தி அனுப்பும் செயலியான வீசாட் இல்லாமல் ஆலைக்காரனோடு பேச முடியாது. பணம் கட்டும் செயலியான அலிபேயில் நம் விசா, மாஸ்டர் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். குவாங்சோவில் இந்திய உணவகங்கள் உண்டு. பக்கத்து நகரமான ஃபோஷானில் உள்ள ஆலைகளுக்கு அங்கிருந்து மெட்ரோவிலேயே போகலாம். முதலாளி விருந்துக்கு அழைத்தால்தான் அண்ணனுக்குச் சோதனை. இட்லிப்பொடி கைவசம் இருக்கட்டும்.

பாளை கணக்காளர்:
எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சுங்க மதிப்பு 10 லட்சம் என்று வையுங்கள். இவ்வகை இயந்திரங்களுக்குப் பொதுவாக 7.5 சதவீதம் சுங்க வரி, அந்த வரித்தொகையில் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல்; இரண்டும் சேர்த்து 82,500 ரூபாய். மொத்தத்தின்மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.): 1,94,850. மற்ற தொழிலென்றால் இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாதே! விற்பனையில் வரி இல்லாததால் உள்ளீட்டு வரவும் இல்லை, அத்தனையும் செலவு. கோயம்புத்தூரில் வாங்கினாலும் அந்த 18 சதவீதம் அப்படித்தான். ஆகவே சுங்க வரி, கப்பல், பயணம் மூன்றையும் சீன விலையில் ஏற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

கல்லிடை மருமகள்:
அக்கா, 1,94,850-ஐப் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அப்பளத்துக்கு வரி இல்லை என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பேட்டை அண்ணன் சொன்னபடி அடுத்த வாரம் கோயம்புத்தூர், நான்கு கட்டு அப்பளத்தோடு. அங்கே சரிவராவிட்டால் சீனா, அதுவும் அண்ணாச்சி சொன்ன நேரத்தில். பாஸ்போர்ட்டுக்கு இன்றே விண்ணப்பிக்கிறேன். ஒரு சந்தேகம் அண்ணாச்சி: எங்கள் வீட்டில் ஒருமுனை இணைப்புதான். சின்ன மெஷின் அதில் ஓடுமா?

துறைமுகத்து அண்ணாச்சி:
சின்னது ஓடும். ஒருமுனை என்றால் அங்கே 220 வோல்ட், இங்கே 230, இரண்டும் 50 ஹெர்ட்ஸ், வம்பில்லை. காற்றழுத்த கம்ப்ரசர் தனியாக வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். விலைப்பட்டியலில் அதைச் சொல்லமாட்டார்கள்.